ஆமைக் கம்பு நட்ட வட்டலப்பம்

கற்பிட்டிக்கு அப்பால் உள்ள தீவுக்குப் போக, அந்தச் சண்டைக் காலத்தில் நேவியிடம் பாஸ் எடுக்க வேண்டும். ஒல்லாந்தர் காலத்துக் கிணறு, ஆமை, கடற்குருவி என்று என்னவெல்லாமோ சொல்லி, என் மாப்பிள்ளையின் தம்பி, அதாவது என் புருஷனின் தம்பி, எங்கள் வீட்டாருக்கு ஒரு பாஸ் எடுத்துவிட்டான். பின்னேரம் அஸர் தொழுகை நேரத்துக்கு முன்னால் திரும்பிவிட வேண்டும் என்பது கட்டளை.

பக்கத்து அகதிக் கொட்டிலில் இருந்தவளும் அதே பாஸில் எங்களோடு வந்தாள். முசலிப் பக்கத்து ஊரிலிருந்து சண்டையில் விரட்டப்பட்டு வந்தவள். அவளுக்குக் கிணறும் வேண்டாம், ஆமையும் வேண்டாம். தீவின் வடக்கு முனையில் நின்றால் குதிரைமலையின் சிவப்பு மண் தெரியுமாம். அதற்கு அங்கால் அவளுடைய ஊர். அதை ஒரு தரம் பார்த்துவிட வேண்டும் என்று வள்ளத்தில் வழியெல்லாம் அதே கதை.

தீவில் இறங்கியதும், காட்டு உயிர்களைக் காக்கும் இலாகாவின் வனஜீவிக்காரர் வந்தார். கரையில் அங்கங்கே கம்பு நட்டிருந்தது.

"அக்கா, இது ஆமை முட்டை இட்ட இடம். புள்ளைகளத் தோண்ட உட வேணாம்."

"தோண்டாதுகள் தம்பி. ஆமையப் பாத்தா எங்கட மாமி ஞாபகம் வந்து பயந்துருங்கள்" என்றேன். அவர் சிரித்துக்கொண்டு போனார்.

கிணற்றைப் பார்த்தோம். சுற்றி நாலு கல் இருந்தது. எங்கள் வீட்டுக் கிணறு இதைவிட அழகு. திரும்பி வந்தபோது நல்ல வெயில்.

"ராத்தா, முனைக்குப் போயிட்டு வந்து சாப்பிடுவமா?" என்று அவள் மெதுவாகக் கேட்டாள்.

"மலைக்கென்ன காலா இரிக்கி, ஓடுறத்துக்கு? சோத்தத் தின்னுட்டுப் போவம் புள்ள."

எல்லாரும் சேர்ந்து தின்னும் சஹன் தட்டைச் சுற்றி அவளும் எங்களோடு உட்கார்ந்தாள்.

தேங்காய்ப்பாலும் கருப்பட்டியும் முட்டையும் சேர்த்து அவித்த வட்டலப்பத்தை, அதன் இரும்புச் சட்டியோடு வந்தவுடனேயே ஈர மண்ணில் புதைத்து வைத்திருந்தேன். எங்கள் பக்கத்தில் தண்ணீர்க் குடத்தைக்கூட இப்படித்தான் குளிர வைப்போம். பிள்ளைகள் தோண்டித் தின்றுவிடக் கூடாதே என்று அதன்மேலும் ஆமைக் கம்பைப் போலவே ஒன்றை நட்டுவைத்தேன். என் கெட்டித்தனத்தை நினைத்து நானே சிரித்துக்கொண்டேன்.

சோறு முடிவதற்குள் வனஜீவிக்காரர் ஓடிவந்தார். தான் நடாத கம்பு, கீழே கிளறிய மண். முட்டையை யாரோ களவெடுத்துவிட்டார்கள் என்று நினைத்துக் கையை விட்டவருக்கு இரும்பு தட்டுப்பட்டிருக்கிறது; கண்ணிவெடி என்று பயந்துவிட்டார். பின்னால் நேவிப் பொடியன்கள் துவக்கோடு வந்தார்கள். எங்களை வெயிலில் வரிசையாக இருக்க வைத்தார்கள்.

"ஆர் பொதச்சது?" என்று வனஜீவிக்காரர் கேட்டார்.

"நான்தான் தம்பி. அது வட்டலப்பம்."

யாரும் சிரிக்கவில்லை. என்னையே தோண்டச் சொன்னார்கள். சட்டியைத் திறந்தேன். நேவிக்காரர்களில் பெரியவன் எட்ட நின்றே "கன்ன" என்று சிங்களத்தில் சொன்னான். தின்று காட்ட வேண்டுமாம். என் மாப்பிள்ளை, அவருடைய தம்பி, பிள்ளைகள் எல்லாரும் பார்த்திருக்க, மண்ணில் முழங்கால் போட்டுக் கையால் அள்ளித் தின்றேன். "தவ, தவ" என்றான். இன்னும் தின்றேன்.

பிறகு வோக்கிடோக்கியில் கதைத்தார்கள். கேட்டார்கள், திரும்பவும் கதைத்தார்கள். கடைசியில் விட்டார்கள், ஆனால் அஸர் நெருங்கிவிட்டது. மாப்பிள்ளையின் தம்பி முனையைக் காட்டி ஏதோ கெஞ்சிப் பார்த்தான். பெரியவன் வள்ளத்தைக் காட்டினான்.

அவள்தான் முதலில் எழுந்து மண்ணைத் தட்டிவிட்டு நடந்தாள். வள்ளத்தில் வடக்கே பார்த்தபடி இருந்தாள். அந்தப் பக்கம் மணல் மேடும் தாழையும்தான் தெரிந்தன.

"புள்ள, இன்னொரு நாளைக்குப் பாஸ் எடுப்பம்" என்றேன்.

"ஓம் ராத்தா. மலைக்குக் கால் இல்லதானே. எங்களுக்குத்தான் இரிக்கி" என்றாள்.

அதன்பின் அந்தத் தீவுக்கு யாருக்கும் பாஸ் கொடுக்கவில்லை. அன்றைக்கு வள்ளத்தில், பாதி வட்டலப்பம் மிச்சமிருந்த சட்டியை மடியில் வைத்து, அவள் பார்க்காதபடி முந்தானையால் மூடிக்கொண்டேன்.