வெள்ளி பூசிய பீப்பாய்கள்

நீச்சல் குளம் இருந்த வீட்டில் வளர்ந்தவள் நான் என்று சொன்னால் அலுவலகத் தோழிகள் என்னை ஒரு மாதிரியாகப் பார்ப்பார்கள். அந்தக் குளத்தில் வெந்நீர் ஓடியது என்று சேர்த்துச் சொன்னால் பொய் சொல்கிறேன் என்று முடிவு கட்டிவிடுவார்கள். இந்த ஊர் வெயிலில் எவராவது குளத்துத் தண்ணீரைச் சுட வைப்பார்களா? நாங்கள் வைத்தோம். அதற்காக ஒரு குடும்பமே மண்டையை உடைத்துக்கொண்டது.

குளம் எங்களுடையது அல்ல. தாப்பாவுக்குப் பக்கத்தில் இருந்த ரப்பர் தோட்டத்தைத் துண்டு போட்டு விற்றபோது, மலையடிவாரத் துண்டை ஈப்போ தவுக்கே, சீன முதலாளி ஒருவர், வாங்கினார். தோட்டத்தில் கணக்கெழுதும் கிராணியாக இருந்த அப்பாவையே காவலுக்கு வைத்து, வெள்ளைக்காரத் துரை விட்டுப்போன பங்களாவில் எங்களைக் குடியிருக்கச் சொன்னார். அதன் பின்புறத்தில்தான் அந்தச் சின்னக் குளம். ஒரு லாரி நீளம், அம்மாவின் நெஞ்சளவு ஆழம். மலை ஓடையிலிருந்து குழாய் வழியாக வரும் தண்ணீரில் கால் வைத்தால் பல் கிட்டும். துரைக்கு அது தன் ஊர் ஞாபகமாக இருந்திருக்கலாம். நாங்கள் அதில் தவளைகளைத்தான் வளர்த்தோம்.

எனக்கு ஒன்பது வயதானபோது, அம்மா பேருந்துப் படியிலிருந்து விழுந்து தொடை எலும்பை முறித்துக்கொண்டாள். கத்தி வைத்தபின் எலும்பு கூடியது, முட்டிதான் மடங்க மறுத்தது. தினமும் வெதுவெதுப்பான தண்ணீரில் நடக்கவேண்டும், குளிர்ந்த தண்ணீர் என்றால் தசை பிடித்துக்கொள்ளும் என்றார் ஈப்போ டாக்டர். தீபாவளி முடிந்து வரும்போது முட்டி மடங்காவிட்டால் மறுபடியும் கத்தி வைக்கத்தான் வேண்டுமாம். முதல் தடவை அம்மாவை மயக்க மருந்து கொடுக்கக் கட்டிலோடு உருட்டிக்கொண்டு போனபோது, இனி அவள் திரும்ப மாட்டாள் என்றே நம்பி அழுதவள் நான். மறுபடியும் என்ற சொல்லைக் கேட்டதும் அம்மாவின் முந்தானையைப் பிடித்துக்கொண்டேன்.

தண்ணீர் காய்ச்சும் மின்சாரக் கருவி வாங்கலாம் என்றார் அப்பா. ஈப்போவிலிருந்து படப் புத்தகத்தோடு வந்த கடைக்காரர், பங்களாவின் பழைய வயர்களைப் பார்த்துவிட்டுப் புத்தகத்தை மூடினார். இஸ்திரிப் பெட்டியைச் சொருகினாலே எங்கள் வீட்டு விளக்குகள் மங்கிவிடும். குளத்தைக் காய்ச்சினால் வீடே எரிந்துபோகும் என்று சொல்லிக் காப்பி குடித்துவிட்டுப் போனார்.

அடுத்தது மாமா. அம்மாவின் ஒரே தம்பி, தோட்டத்து ரப்பர் ஆலையில் பதினைந்து வருஷம் பாய்லர் பார்த்தவர். ஆலையை மூடிய பிறகு எங்களோடுதான் இருந்தார். வேலை போனதிலிருந்து இரண்டாம் முறை சோறு கேட்க மாட்டார். அம்மா கேட்காமலே போடுவாள். விறகு பாய்லர்தான் சரி, ரப்பர் மரத்துக்கா பஞ்சம் என்று மாமா அரைநாள் தீ மூட்டிக் காட்டினார். குளத்தின் ஒரு மூலை கொதித்தது, மற்ற மூன்று மூலைகளும் அப்படியே இருந்தன. புகை முழுவதும் வீட்டுக்குள் வந்தது. அம்மா இருமிய இருமலில் மாமாவே ஓடிப்போய்த் தீயை அணைத்தார்.

இரண்டு யோசனையும் தோற்று, இரண்டு ஆண்களும் ஒருவரையொருவர் முறைத்துக்கொண்டிருந்த ஒரு மத்தியானம், பூச்செடிக்குத் தண்ணீர் விட நான் குழாயைத் திறந்தேன். வெயிலில் கிடந்த கறுப்பு ரப்பர்க் குழாயிலிருந்து முதலில் வந்த தண்ணீர் என் காலைச் சுட்டது. நான் ஊரைக் கூட்டினேன்.

பின்வாசலில் நாற்காலியில் இருந்த அம்மா கேட்டாள். “அடுப்பு எதுக்குலா உங்களுக்கு? அந்தக் குழா எந்த அடுப்புல காஞ்சுச்சு?”

அதோடு பேச்சு முடிந்தது. நாங்கள் தோங்கு என்று சொல்லும் எண்ணெய்ப் பீப்பாய்கள் எட்டை மாமா கழுவி, கன்னங்கரேலென்று சாயம் அடித்து, கார்க் கொட்டகையின் தகரக் கூரைமேல் படுக்க வைத்தார். துரை விட்டுப்போன பம்பைக் கழற்றி உயிர் கொடுத்தார். ஓடைக் குழாயை அடைத்துவிட்டு, குளத்துத் தண்ணீரைப் பீப்பாய்களுக்கு ஏற்றி இறக்கினார். நாலாம் நாள் மத்தியானம் அம்மா பழைய கைலியோடு குளத்தில் இறங்கினாள். அப்பா என் கணக்குப் பெட்டியிலிருந்த கோணமானியை எடுத்து தினமும் முட்டியை அளந்தார். மாமா இரண்டாம் முறை சோறு கேட்டார்.

பிறகு ஆயுத பூஜை வந்தது.

ஆலையில் ஆயுத பூஜைக்கு முதல் நாள் பாய்லருக்குப் புதிதாக வெள்ளிச் சாயம் அடித்து, மறுநாள் திருநீற்றுப் பட்டை போட்டு மாலை சாத்துவார்கள். மாமா ஒரு வருஷமும் தவறவிட்டதில்லை. ஆலை மூடிய அன்று கடைசி டின் சாயத்தைக் கையோடு கொண்டு வந்து வைத்திருந்தார். அவருக்கு மறுபடி ஓர் இயந்திரம் கிடைத்திருக்கிறது, சும்மா விடுவாரா? குளத்தை வடித்துத் தேய்த்துக் கழுவி, புது ஓடைத் தண்ணீர் நிரப்பினார். எட்டுப் பீப்பாய்களையும் வெள்ளியாக்கினார். எலுமிச்சம்பழம் நறுக்கிக் குங்குமம் தடவி, அவல் கடலை படைத்தோம். கண் கூசும்படி மின்னிய கூரையைப் பார்த்து எல்லாரையும்விட அதிகமாகப் பாராட்டியவள் அம்மாதான்.

மறுநாளிலிருந்து தண்ணீர் காயவில்லை. மழைக்காலம் தொடங்கிவிட்டது என்றார் அப்பா. மாமா பம்பைச் சந்தேகப்பட்டு இரண்டு தடவை கழற்றி மாட்டினார். கரையில் நின்றுகொண்டு அக்காவின் முகத்தையே பார்ப்பார்.

“எப்படிக்கா இருக்கு?”

“நல்லாத்தான்டா இருக்கு. சூடாவே இருக்கு.”

எனக்கு அது விளங்கவில்லை. அம்மாவின் உதடு நீலம் பாரித்திருக்கும், கையில் மயிர் சிலிர்த்து நிற்கும். நான் கையை விட்டுப் பார்த்தேன், ஐஸ். அம்மாவிடம் சொன்னால், உனக்குத்தான் காய்ச்சல், போய்ப் படு என்று விரட்டினாள். எனக்குப் பயம் பிடித்துக்கொண்டது. அம்மாவின் காலில் உணர்ச்சி செத்துவிட்டது, சூடும் குளிரும் தெரியாமல் போய்விட்டது என்று நானே கண்டுபிடித்து, யாரிடமும் சொல்லாமல் சாமிப் படத்திடம் மட்டும் சொல்லி வைத்தேன்.

பதினோராம் நாள் பூனைதான் காட்டிக்கொடுத்தது. சாயங்காலமானால் கறுப்புப் பீப்பாய்மேல் சுருண்டு கிடக்கும் பூனை, சில நாளாக மறுபடி சமையலறை அடுப்போரம் வந்திருந்தது. அதைத் தூக்கிக்கொண்டு மத்தியான வெயிலில் கூரைக்கு ஏறிப் பீப்பாயில் கை வைத்தேன். முன்பெல்லாம் வெயிலில் தொட்டால் தோல் உரியும். இப்போது சும்மா இருந்தது. இரவுச் சாப்பாட்டில் பெருமையாக அறிவித்தேன்.

“தோங்குக்கு வெள்ளி அடிச்சதுனாலதான்பா சுடல. பூனைக்கே தெரிஞ்சிருச்சு.”

அப்பா சிரித்துவிட்டுச் சட்டென்று நிறுத்தினார். மாமா தட்டைத் தள்ளி வைத்தார். “அக்கா, இத்தன நாளா பச்சத் தண்ணியிலயா நடந்த?”

“எனக்கு ஒண்ணும் வித்தியாசம் தெரியலடா” என்றாள் அம்மா. மேசைக்கு அடியில் அவள் கை வந்து என் தொடையைத் திருகியது. உண்மையைச் சொன்னதற்குக் கிள்ளு வாங்கிய கோபத்தில் எனக்குச் சோறு இறங்கவில்லை. விடியும் முன்பே மாமா கூரைமேல் கறுப்புச் சாயத்தோடு இருந்தார்.

தீபாவளி முடிந்து எல்லாரும் ஈப்போ போனோம். டாக்டர் முட்டியைப் பிடித்து மடக்கினார். அது மடங்கியது, இன்னும் மடங்கியது. கத்தி வேண்டாம் என்றார். அப்பா கோணமானியைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு கண்ணாடியைத் துடைத்தார். எனக்கு மட்டும் ஒரு வேலை பாக்கி இருந்தது.

“டாக்டர், அம்மாவுக்குச் சூடு குளிரு தெரியாது. பதினோரு நாளு ஐஸ் தண்ணில நடந்துச்சு, சூடுன்னு சொல்லுச்சு. அதுக்குக் கத்தி வைக்கணுமா?”

“என்ன பிள்ளை சொல்லுறாய்?” என்றார் டாக்டர். அவர் யாழ்ப்பாணத்துக்காரர். அம்மா என்னை முறைத்த முறைப்பைக் கவனிக்காமல், அவளைக் கண்ணை மூடச் சொன்னார். ஒரு கரண்டியைக் குளிர்ந்த தண்ணீரிலும் வெந்நீரிலும் மாற்றி மாற்றி முக்கி, உள்ளங்காலிலும் முட்டியிலும் தொட்டார். அம்மா ஒவ்வொரு தடவையும் மெதுவான குரலில், தப்பாமல் சொன்னாள். குளிருது. சுடுது. குளிருது.

“உன்ர அம்மாவுக்கு ஒரு குறையும் இல்லை” என்று டாக்டர் சிரித்தார்.

என் நெஞ்சிலிருந்து பெரிய பாரம் இறங்கியது. சந்தோஷத்தை மாமாவிடம் சொல்லத் திரும்பினேன். அவர் சன்னல் பக்கம் திரும்பி, இரண்டு கையாலும் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். “தம்பி” என்று அம்மா கூப்பிட்டாள். அவர் திரும்பவில்லை, தோள்கள் மட்டும் குலுங்கின.

எல்லாம்தான் நல்லபடியாக முடிந்துவிட்டதே, மாமா ஏன் அழுகிறார் என்று அப்பாவிடம் கேட்டேன். வெளியே பாகு ஊற்றிய ஐஸ் கச்சாங் வாங்கித் தருகிறேன், வா என்றார் அப்பா. நான் கேள்வியை விட்டுவிட்டு அவர் கையைப் பிடித்துக்கொண்டேன்.