ஆயுத பூஜைக்கு மறுநாள் வந்த ஆம்புலன்ஸ்

வண்டியின் கோளாறைச் சொல்லும் எரர் கோடு ஸ்கேனரில் அழிவதும் வண்டி சரியாவதும் ஒன்றல்ல என்று இன்று மேடை போட்டுச் சொல்வேன். அன்றைக்கும் எனக்கு அது தெரியும். தெரிந்தேதான் தப்பு செய்தேன்.

குன்னூரில் நான் வேலை பார்த்த ஒர்க்‌ஷாப்புக்கு, ஆயுத பூஜைக்கு மறுநாள் காலையில் ஒரு எஸ்டேட் ஆம்புலன்ஸ் வந்தது. பானெட்டில் சந்தனம், முன்னால் மாலை. டிரைவர் முத்தையா அண்ணனும் நானும் சிலோனிலிருந்து ஒரே கப்பலில் வந்தவர்கள். அப்போது நான் கைக்குழந்தை. என் கைபட்டால் எந்த வண்டியும் சரியாகிவிடும் என்று அவருக்கு ஒரு நம்பிக்கை.

“தம்பி, ஓடும்போதே மீட்டர் செத்துப் போகுது, அப்புறம் வருது. எல்லா லைட்டும் எரியுது. உள்ள சரோஜா கிடக்கு, எட்டு மாசம், பிரஷரு ஏறிப்போச்சு. கோயம்புத்தூருக்குக் கொண்டுபோகச் சொல்லிட்டாரு தொரை.”

சரோஜா கொழுந்து பறிக்கிற பெண். கால் வீங்கி, கண்ணை மூடிப் படுத்திருந்தாள். பக்கத்தில் எஸ்டேட் நர்ஸ்.

டிரைவர் சீட்டுக்கு முன்னால் முட்டி போட்டு ஸ்கேனரைச் செருகினேன். ‘யூ’ எழுத்தில் தொடங்கும் நாலு எரர் கோடு. இன்ஜின் கம்ப்யூட்டரும் பிரேக் கம்ப்யூட்டரும் மீட்டரும் ஒன்றோடொன்று பேசவில்லை என்று அர்த்தம். அவை பேசிக்கொள்ளும் இரண்டு ஒயரில் மின்தடை எத்தனை ஓம்ஸ் என்று பார்க்க வேண்டும், ஒயரிங்கை ஆட்டிப் பார்க்க வேண்டும், ஒரு நடை ஓட்டிப் பார்க்க வேண்டும்.

முதலாளி பின்னால் வந்து நின்றார். “ஏனுங்க, புள்ளத்தாச்சிய உள்ள வெச்சுட்டு என்னத்த ஆராய்ச்சி பண்றீங்க? சுருக்கா அனுப்புங்க.”

கிளியர் பட்டனை அழுத்தினேன். லைட் எல்லாம் அணைந்தது. “அழிச்சிட்டேன், போங்கண்ணே” என்றேன்.

வண்டி போய்க் கால் மணி நேரம் கழித்துத்தான் முட்டி சில்லென்று உறைத்தது. பேண்ட் நனைந்திருந்தது. மழை இல்லை, ஒர்க்‌ஷாப் தரையும் காய்ந்து கிடந்தது. நான் முட்டி போட்ட ஒரே இடம் அந்த வண்டியின் உள்தரை.

பூஜைக்கு எஸ்டேட்டில் வண்டியை எப்படிக் கழுவுவார்கள் என்று எனக்குத் தெரியாதா? ஃபேக்டரி ஹோஸை உள்ளேயே விட்டு அடிப்பார்கள். கார்பெட்டுக்கு அடியில்தான் அந்த இரண்டு ஒயரும் சேரும் கனெக்டர். சந்தனத்தைப் பார்த்தும் என் மரமண்டைக்கு அது உறைக்கவில்லை. போன் அடித்தேன், மலைப்பாதையில் டவர் இல்லை. டூல் பையோடு பைக்கில் இறங்கினேன். ஒவ்வொரு வளைவிலும் ரோட்டைவிடப் பள்ளத்தைத்தான் அதிகம் பார்த்தேன்.

பர்லியாறுக்கு மேலே ஒரு வளைவில் வண்டி நின்றிருந்தது. முன்சக்கரத்துக்குக் கல் முட்டுக் கொடுத்திருந்தார்கள்.

“ஓடிக்கிட்டிருக்கும்போதே ஆஃப் ஆச்சு தம்பி. ஸ்டியரிங் இரும்பாப் போச்சு. ஹேண்ட் பிரேக்கப் புடிச்சு சுவத்தோரமா ஒதுக்கிட்டேன். திரும்ப ஸ்டார்ட் ஆகமாட்டேங்குது.”

சரோஜா நர்ஸின் கையை இறுக்கிப் பிடித்திருந்தாள். கார்பெட்டைத் தூக்கிக் கனெக்டரைக் கழற்றினேன். தண்ணீர் கொட்டியது. துண்டால் ஒற்றி, வாயால் ஊதி, மறுபடி மாட்டினேன். பேட்டரியைக் கழற்றிவிட்டு மல்ட்டிமீட்டரை வைத்தேன். அறுபது ஓம்ஸ், சரியான கணக்கு. ஒயரை ஆட்டினேன், மாறவில்லை. பேட்டரியை மாட்டி, அதன் பிறகே கோடுகளை அழித்தேன். இன்ஜின் பிடித்தது.

ஸ்கேனரைக் கழற்றாமல் நானும் முன்சீட்டில் ஏறிக்கொண்டேன். மேட்டுப்பாளையம் தாண்டும்வரை அதிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. பிறகு முத்தையா அண்ணன் ரோட்டைப் பார்த்தபடியே கேட்டார்: “அழிச்சிட்டேன்னு சொன்னியே தம்பி?”

திட்டியிருந்தால் தேவலை. அவர் நிஜமாகவே புரியாமல்தான் கேட்டார்.

தாயும் பிள்ளையும் பிழைத்தார்கள். வண்டி என்னிடம் நாலு புகார் சொன்னது. நான் புகாரைக் கிழித்துப் போட்டுவிட்டு, குறையே இல்லை என்று ஒரு கர்ப்பிணியை மலையில் இறக்கி அனுப்பினேன். ரிட்டயர் ஆகிவிட்டேன். ஆயுத பூஜைக்கு மறுநாள் மட்டும் இன்னும் என் கை தானாகக் கால்முட்டிக்குப் போய் ஈரம் இருக்கிறதா என்று தொட்டுப் பார்க்கிறது.