டென்மார்க் பத்திரமாக வைத்திருந்த ஒரு சொட்டு

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, மெல்பர்னின் கிரான்பர்னில் ஒரு வீட்டில் சண்டை வரப் பார்த்தது. காரணம் – ஒரு அலாரம்.

என் தங்கை மகள் நிலானியின் குழந்தைக்கு முப்பத்தோராம் நாள் துடக்குக் கழிவு, தீட்டு நீக்கும் சடங்கு. வீடு நிறையச் சனம். குசினியில் வடை பொரிகிறது, ஹோலில் கிரிக்கெட் ஓடுகிறது. விழாவின் நாயகி மட்டும் தொட்டிலில் நல்ல நித்திரை. திடீரென்று நிலானியின் போன் கத்தியது. அவள் கையிலிருந்த தட்டை வைத்துவிட்டு நேரே போய்க் குழந்தையைத் தூக்கி, உள்ளங்காலைச் சுரண்டி எழுப்பத் தொடங்கினாள்.

பார்த்துக்கொண்டிருந்த கிளென் வேவர்லி அன்ரி ஒருவருக்குப் பொறுக்கவில்லை.

"நித்திரை கொள்ளுற பிள்ளையை ஆரும் எழுப்புவினமே? பாவம், விடு பிள்ளை."

"எழுப்பத்தான் வேணும் அன்ரி," என்றாள் என் தங்கை வாசுகி, வடைத் தட்டோடு வந்தபடி. "இந்த வீட்டில பிள்ளை பசியோட நித்திரை கொள்ளக்கூடாது."

சத்தம் போடாமல்தான் சொன்னாள். ஆனாலும் அன்ரி வாயை மூடிக்கொண்டார். ஏன் என்று அவர் கேட்கவில்லை. ஆனால் நீங்கள் கேட்பீர்கள்... இத்தனை வருடமாக என்னோடு குடித்தனம் நடத்துகிற வாசகர்களை எனக்குத் தெரியாதா?

வாசுகி டென்மார்க்காரி. எண்பதுகளின் நடுவில் அகதியாகப் போய் அங்கேயே நின்றுவிட்டாள். நான் மெல்பர்னுக்கு வந்துவிட்டேன். மல்கிரேவில் இருந்து நான் போன் எடுக்கும்போதெல்லாம் அவள் அந்த நாட்டைப் பற்றிச் சொல்லும் முறைப்பாடு ஒன்றுதான்.

"இஞ்ச தும்மினாலும் ஆராய்ச்சி அக்கா."

உண்மைதான். டென்மார்க்கின் சனத்தொகை மெல்பர்னைவிடக் கொஞ்சம் அதிகம், அவ்வளவே. பிறக்கும் ஒவ்வொருவருக்கும் ஒரு நம்பர். நம் வாசுகி போல வந்து சேர்ந்தவர்களுக்கும் ஒரு நம்பர். அந்த நம்பரோடு ஆஸ்பத்திரி, மருந்து, பிரசவம், மரணம் எல்லாம் ஒட்டிக்கொண்டிருக்கும். ஆராய்ச்சிக்காரர்களுக்கு முழு நாடும் ஒரே வார்டு மாதிரி. என்ன சாப்பிடுகிறாய், எவ்வளவு நடக்கிறாய், இடுப்புச் சுற்றளவு எத்தனை... கேட்டுக்கொண்டே இருப்பார்கள். வாசுகி ஒன்றுக்கும் போனதில்லை. "என்ரை இடுப்பைப் பற்றி ராசாங்கத்துக்கு என்ன கவலை?" என்று கேட்பாள்.

வாசுகிக்கு இருப்பது நிலானி ஒருத்திதான், அங்கே பிறந்து வளர்ந்தவள். கலியாணம் கட்டியது சொந்த அத்தை மகன் ரகுவை. ரகு இங்கே இருந்ததால் அவளும் இங்கே வந்தாள். வாசுகியும் தன் மச்சானைத்தான் கட்டியவள். எங்கள் குடும்பத்தில் மாப்பிள்ளை தேடிக் கனதூரம் போகிற வழக்கம் இல்லை. பெட்ரோல் மிச்சம் என்று நான் பகிடி விடுவதுண்டு.

போன வருடம் நிலானி பிள்ளைத்தாச்சி ஆனாள். தாய் இல்லாமல் தலைப்பிள்ளைப் பேறா? வாசுகி பிள்ளை பெற்றவளுக்குச் சமைத்துக் கொடுக்கும் சரக்குத்தூளும் கையுமாக வந்து இறங்கினாள். அடுத்த வாரம் மூவருமாக கிளினிக்குக்குப் போனோம். சிரித்த முகத்தோடு ஒரு மிட்வைஃப், வழக்கமாகக் கேட்கும் கேள்விகளைக் கேட்டுக்கொண்டு வந்தாள். சர்க்கரை உண்டா, பிரஷர் உண்டா...

"குடும்பத்தில் சின்னக் குழந்தைகள் யாரும் இறந்திருக்கிறார்களா? நீங்களும் கணவரும் சொந்தக்காரர் என்பதால் கேட்கிறேன்."

நிலானி தாயைத் திரும்பிப் பார்த்தாள். வாசுகி உடனே சொன்னாள்.

"நோ. நத்திங்."

நான் கதிரையில் நிமிர்ந்து உட்கார்ந்தேன். ஏனென்றால், இறந்திருக்கிறது. நிலானிக்கு முன் ஒரு ஆண் குழந்தை. டென்மார்க்கில் பிறந்து, நாலு மாதம் வளர்ந்து, ஒரு நாள் காலையில் தொட்டிலில் எழும்பாமல் போன பிள்ளை. அங்கத்தைய டொக்டர்களுக்கும் அன்று காரணம் பிடிபடவில்லை. எங்கள் குடும்பத்துப் பெரியவர்கள் எல்லாருக்கும் தெரியும். பிள்ளைகள் ஒருவருக்கும் தெரியாது. நிலானிக்குத் தனக்கு ஒரு அண்ணன் இருந்ததே தெரியாது.

நம் ஆட்களின் விசித்திரம் இது. வீடு விற்கிற ஏஜென்டிடம் முழுச் சரித்திரத்தையும் ஒப்பிப்போம். கோயிலில் பக்கத்தில் நிற்பவரிடம் மூலவியாதி வரைக்கும் சொல்லுவோம். டொக்டர் கேட்டால் மட்டும் – ஒன்றுமில்லை, எல்லாரும் சுகம். 'அந்தக் குடும்பத்தில் ஏதோ இருக்காம்' என்று ஒரு கதை கிளம்பினால் பெட்டைக்குக் கலியாணம் சரிவராது என்ற பயம். கலியாணம் முடிந்த பிறகும் அந்தப் பயம் நாக்கை விட்டுப் போவதில்லை.

வீட்டுக்கு வந்து நிலானி மேலே படுக்கப் போனதும் வாசுகியைக் குசினியில் மடக்கினேன்.

"ஏன் அப்பிடிச் சொன்னனி?"

"என்னத்தைச் சொல்லச் சொல்லுறாய்?"

"அவளின்ரை வயித்தில இருக்கிற பிள்ளைக்கும் அப்பிடி ஏதும் எண்டால்?"

வாசுகி வெங்காயம் உரிப்பதை நிறுத்தவில்லை.

"அது வருத்தம் நோய் ஒண்டும் இல்லை அக்கா. அது நான். அவனுக்குத் தடிமன், மூக்கு அடைச்சிருந்தது. நான் அவனை வெளியில கொண்டு போனனான். முதல் பனி கொட்டின நாள்... ஊருக்கு அனுப்ப ஒரு படம் எடுக்க. அண்டைக்கு இரவு அவன் பால் குடிக்கேல்லை. நல்லா நித்திரை கொள்ளுறான் எண்டு எழுப்பாமல் விட்டிட்டன்."

இருபது வருடத்துக்கு மேலாக அவள் இதைச் சுமந்து திரிந்திருக்கிறாள். எத்தனை போன் கதைத்திருப்போம். இடுப்பளவு ஆராய்ச்சியைப் பற்றியெல்லாம் சிரித்திருக்கிறோம். இதை அவள் சொன்னதே இல்லை. எனக்கு அழுகை வந்தது, கோபமும் வந்தது. இரண்டையும் அடக்கிக்கொண்டு, "உன்ரை பிழையோ இல்லையோ, நிலானிக்குச் சொல். அந்தப் பிள்ளை தப்ப வேணும்," என்றேன்.

அன்று பின்னேரமே சொன்னாள். நிலானி சத்தம் போடவில்லை. தாயின் கையைப் பிடித்துக்கொண்டு, "அம்மா, we have to tell them," என்றாள்.

மிட்வைஃப் எங்களைப் பெரிய ஆஸ்பத்திரியில் பரம்பரை நோய்களைப் பார்க்கும் டொக்டரிடம் அனுப்பினாள். நரைத்த தலை, மெலிந்த உருவம், நிதானமான பெண். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, இத்தனை காலத்துக்குப் பிறகு காரணம் கண்டுபிடிப்பது கஷ்டம் என்று சொல்லிக்கொண்டே வந்தவர், "குழந்தை எங்கே பிறந்தது?" என்றார்.

"டென்மார்க்."

டொக்டர் பேனாவைக் கீழே வைத்தார். "இலங்கையில் இல்லையா? டென்மார்க்கிலேயே பிறந்ததா?"

"ஓம்... யெஸ்."

"அப்படியென்றால் அவனுடைய இரத்தம் இன்னும் அங்கே இருக்கலாம்."

வாசுகி என்னைப் பார்த்தாள். நான் அவளைப் பார்த்தேன். எங்கள் இருவருக்கும் இங்கிலீஷ் மறந்துவிட்டதோ என்று ஒரு சந்தேகம்.

டொக்டர் விளக்கினார். குழந்தை பிறந்த சில நாளில் குதிக்காலில் குத்தி இரண்டு மூன்று சொட்டு இரத்தத்தை ஒரு தடித்த தாளில் ஒற்றி எடுப்பார்கள். பல நாடுகளில் செய்வதுதான், இங்கேயும் உண்டு. டென்மார்க்கில் அந்தத் தாள்களை எறிவதில்லை. எண்பதுகளின் தொடக்கத்தில் இருந்து பிறந்த குழந்தைகளின் சொட்டுகளைப் பெரிய குளிரறையில் உறைய வைத்துப் பாதுகாக்கிறார்கள். ஆராய்ச்சிக்கும் உதவும், நாளைக்கு அந்தக் குடும்பத்துக்கே தேவைப்பட்டாலும் உதவும். இதைச் சொல்லும்போது டொக்டரின் முகத்தில் கோயிலுக்குப் போய் வந்த களை. பெரிய பெரிய நாடுகளில்கூட இப்படி ஒன்று கிடைப்பது அரிது என்றார்.

"அவன்ரை இரத்தமே?" என்று வாசுகி தமிழிலேயே கேட்டாள். "இப்பவும் இருக்கோ?"

எனக்கு உடம்பு புல்லரித்தது. சொன்னால் நம்புங்கள், இப்போது எழுதும்போதும் புல்லரிக்கிறது. அந்தப் பிள்ளையின் படம் வாசுகியின் சூட்கேசின் அடியில் கிடக்கிறது. பெயரைக் குடும்பத்தில் யாரும் உச்சரிப்பதில்லை. நாங்கள் இப்படி ஒளித்து வைத்த ஒருவனை, அவன் நாலே மாதம் இருந்துவிட்டுப் போன நாடு, அகதியின் பிள்ளைதானே என்று எறியாமல், பத்திரமாக வைத்திருந்திருக்கிறது.

இந்த இடத்தில் உங்களில் சிலர் நெளிவீர்கள். ஒரு அரசாங்கம் சனங்களைப் பற்றி இவ்வளவு வைத்திருப்பது நல்லதா? நானும் நெளிந்தேன். எண்பத்து மூன்று கொழும்புக் கலவரத்தில் தமிழர் வீட்டு விலாசங்களைக் கையில் வைத்துக்கொண்டு தெருவில் வந்தவர்களை நாம் மறக்கவில்லை. நம்மைப் பற்றிய விபரம் அரசாங்கத்திடம் இருந்தால் அது நம்மை அழிக்கத்தான் என்று பழகிப்போனவர்கள் நாம். அதைக் கொண்டு ஒரு உயிரைக் காப்பாற்றவும் முடியும் என்று அன்றுதான் எனக்குத் தெரிந்தது.

வாசுகியும் கணவரும் சம்மதம் கொடுத்தார்கள். டொக்டர் டென்மார்க்கோடு பேசினார். சில வாரம் காத்திருந்தோம். நிலானியின் வயிறு வளர வளர எங்களுக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

முடிவு வந்தது. சொட்டு இருந்தது, பதிலும் இருந்தது.

சாப்பாடு இல்லாத நேரத்தில் உடம்பு தன் கொழுப்பை எரித்துச் சமாளிக்கும். அந்தப் பிள்ளையின் உடம்புக்கு அது முடியாது. பிறவிக் குறை. தாயிடமும் தகப்பனிடமும் இருந்து ஒவ்வொரு பாதியாக வந்தது. வெளியே ஆரோக்கியமாகத்தான் இருப்பான். ஒரு தடிமனில் பால் குடிக்காமல் நெடுநேரம் தூங்கினால் போதும், ஆபத்து. நேரத்துக்கு நேரம் பால் கொடுத்து, சுகமில்லாதபோது உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனால் நூறு வயது வரைக்கும் இருக்கலாம். அந்தக் காலத்தில் இதை யாருக்கும் சோதித்துப் பார்க்கத் தெரியாது என்றார் டொக்டர். தாயின் மேல் ஒரு குற்றமும் இல்லை என்றும் சொன்னார்.

"அப்ப... பனியாலை இல்லை," என்றாள் வாசுகி. லிஃப்டில் ஒருமுறை சொன்னாள். கார் பார்க்கில் ஒருமுறை சொன்னாள். காரில் ஏறி பெல்ட்டைப் போட்டபிறகு, "பனியாலை இல்லை அக்கா," என்று சொல்லிவிட்டு விம்மி விம்மி அழுதாள். நான் காரை எடுக்கவில்லை. அழட்டும் என்று விட்டேன்.

நிலானியையும் ரகுவையும் சோதித்தார்கள். இருவரிடமும் அந்தப் பாதி இருந்தது. குழந்தை பிறக்கும் முன்பே பிரசவ வார்டு முழுக்கத் தயார். பிறந்த முதல் மணித்தியாலத்திலேயே பால், பிறகு நேரம் தவறாமல் பால். குதிக்கால் சோதனை முடிவு வர நாள் எடுக்கும், சில குழந்தைகள் அதுவரை தாங்காது என்று டொக்டர் முன்பே சொல்லியிருந்தார். முடிவு வந்தது. குழந்தைக்கும் அதே குறைதான். ஆனால் அது வந்தபோது குழந்தை கொழுகொழு என்று ஏப்பம் விட்டுக்கொண்டிருந்தாள்.

அலாரத்தின் கதை இதுதான் அன்ரி.

வாசுகி டென்மார்க் திரும்பிவிட்டாள். நேற்று அவளே போன் எடுத்தாள். ஏதோ சுகாதார ஆராய்ச்சியாம், வழக்கம்போலக் கூப்பிட்டிருக்கிறார்கள். இந்த முறை போயிருக்கிறாள்.

"இடுப்பையும் அளந்தவையோ?" என்று கேட்டேன்.

"எல்லாம் அளந்தவை. இரத்தமும் குடுத்தனான். பிறகு அந்த நர்ஸ் எத்தினை பிள்ளையள் எண்டு கேட்டவ."

"நீ என்ன சொன்னனி?"

"ரெண்டு எண்டு சொன்னன்."

பிறகு நான் தயங்கித் தயங்கி, இதையெல்லாம் பத்தியில் எழுதட்டுமா என்று கேட்டேன்.

"எழுது அக்கா. ஆனால் அவன்ரை பேரைப் போட்டு எழுது."

சேந்தன்.