ஜிம்மிக்குக் கிடைத்த மந்தை

காட்டிலிருந்த கம்யூனிஸ்டுகளை ஒடுக்க வெள்ளைக்காரர்கள் போட்ட அவசரகாலம் அது. தேயிலைத் தோட்டத்தில் நாங்கள் குடியிருந்த லயத்தைச் சுற்றி முள்வேலி. இருட்டியபின் வேலிக்கு வெளியே எது அசைந்தாலும் பட்டாளத்தார் சுட்டுவிடுவார்கள். துரையின் நாய் ஜிம்மியை லயத்தில் வைத்துப் பார்த்துக்கொள்வது என் வேலை. சீமையில் ஆடு மேய்க்கும் சாதி. மலையெல்லாம் ஓடிப் பழகிய அது, சங்கிலியில் சுற்றிச் சுற்றிக் கழுத்தைப் புண்ணாக்கிக்கொண்டது. அவிழ்த்துவிட எனக்குப் பயம்.

ஒரு மாலை, கொழுந்துக்கூடையை இறக்கிவைத்த அஞ்சலை அக்கா அதையே பார்த்தார்.

“ஆடுதானே வேணும்? நாங்க இருக்கோம் லா. கேட்டச் சாத்திட்டு அவுத்து விடு தம்பி!”

நாள் முழுக்க மலையேறிய பெண்கள், வேலிக்குள் மூலைக்கு ஒருவராகச் சிதறி ஓடினார்கள். ஜிம்மி பாய்ந்து வளைத்து, ஒருவரையும் கடிக்காமல், எல்லோரையும் ஒரே இடத்தில் சேர்த்தது. லயமே சிரித்தது.

நான் மட்டும் வெறும் சங்கிலியோடு ஒதுங்கி நின்றேன். ஜிம்மி திரும்பி வந்து, என் முழங்காலை முட்டி முட்டி அந்தக் கூட்டத்தில் கொண்டுபோய்ச் சேர்த்தது.

அதுவரை, நான்தான் அதைப் பார்த்துக்கொள்கிறேன் என்று நினைத்திருந்தேன்.