சம்பளத்தோடு மூன்று மாதம்

பிறந்து ஒரு மாதம் ஆன குழந்தையின் மேல் யாராவது பொறாமைப்படுவார்களா? நான் பட்டேன். அவள் என் சித்தியின் மகள். அவள் பிறந்த எட்டாம் நாள் எனக்குத் தம்பி பிறந்தான். ஆனால் அவளுக்குப் பகலெல்லாம் அம்மா இருந்தாள், எங்களுக்கு இல்லை.

அம்மாவின் தங்கையான சித்தி கொடைக்கானலில் சர்க்கார் பள்ளிக்கூடத்து டீச்சர். அம்மா ஏரிப் பக்கம் ஒரு தனியார் ஓட்டலில் இஸ்திரி போடுகிறவள். அப்பா பள்ளங்கியிலிருந்து பூண்டு ஏற்றிப்போகும் லாரியில் கிளீனர். வாரத்தில் பாதி நாள் மலைக்குக் கீழேதான் இருப்பார்.

தம்பி பிறந்து இருபத்தைந்து நாளானபோது ஓட்டல் மேனேஜர் ஆள் விட்டார். புரட்டாசிச் சீசன் தொடங்கிவிட்டது, திங்கட்கிழமை வராவிட்டால் வேறு ஆள் போட்டுக்கொள்வதாகச் சொல்லியனுப்பியிருந்தார். அம்மா போனாள். நாலாம் வகுப்பில் இருந்த என்னை நிறுத்தித் தம்பியைப் பார்த்துக்கொள்ள வைத்தாள்.

மதியம் அவனைக் கம்பளியில் சுற்றி ஓட்டலின் பின்வாசலுக்குத் தூக்கிப் போவேன். கரிக்கொட்டகைக்குப் பின்னால் உட்கார்ந்து அம்மா பால் கொடுப்பாள். நாலாவது நாள் மேனேஜர் பார்த்துவிட்டார். சாயங்காலம் கூடுதல் நேரம் நின்று முடித்துத் தருகிறேன், மதியம் அரை மணி மட்டும் விடுங்கள் என்று அம்மா கேட்டாள்.

“நெனச்ச நேரம் எந்திரிச்சுப் போக இது என்ன சர்க்கார் ஆபீசாம்மா?” என்றார். அதட்டவில்லை, சிரித்துக்கொண்டேதான் சொன்னார்.

மறுநாள் சீனித் தண்ணீர் கொடுத்துப் பார்த்தேன். தம்பி துப்பிவிட்டு வீறிட்டு அழுதான். முகம் கறுத்துப்போயிற்று. பயந்துபோய், மழையிலேயே அவனைத் தூக்கிக்கொண்டு மேலத்தெருவில் இருந்த சித்தி வீட்டுக்கு ஓடினேன்.

சித்தி மகளை மடியில் போட்டுக்கொண்டு அடுப்பருகே உட்கார்ந்திருந்தாள். வீடு கதகதப்பாக இருந்தது. மகளைப் பாயில் கிடத்திவிட்டு, தம்பியை வாங்கி மார்பில் சேர்த்துக்கொண்டாள். அவன் அடங்கினான். பாயில் கிடந்தவள் கத்தத் தொடங்கினாள். பொய் சொல்லக் கூடாது, அந்த அழுகை எனக்கு இனித்தது.

அதன் பிறகு தினமும் போனேன். அம்மாவிடம் சொல்லவில்லை. பகலில் ஒரு அம்மா இருக்கிற வீடு எனக்குப் பிடித்திருந்தது. சொன்னால் அது போய்விடும் என்று எனக்குள் ஏதோ பட்டது.

சாயங்காலம் அம்மா மூச்சிரைக்க வந்து, ஈரக் காலோடு தம்பியைத் தூக்குவாள். அவன் இரண்டு வாய் குடித்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொள்வான். நாலாம் நாள், பிள்ளைக்கு ஏதோ நோய் என்று பயந்து, ஆஸ்பத்திரிக்குக் கிளம்பினாள். அப்போதுதான் சொன்னேன்.

அம்மா அவனைத் தூக்கிக்கொண்டு நேராகச் சித்தி வீட்டுக்கு நடந்தாள். பெரிய சண்டை வரப்போகிறது என்று பின்னாலேயே ஓடினேன்.

“கோவிச்சுக்கிறாதக்கா. பசியில துடிச்சுப்போனான். எனக்கென்ன, இன்னும் ஒண்ணரை மாசம் லீவு கெடக்கு” என்றாள் சித்தி.

“லீவுக்குச் சம்பளம்?”

“மூணு மாசத்துக்கும் வரும்க்கா. ஒண்ணாந் தேதி அவுக போயி வாங்கிட்டு வந்தாக.”

“சம்பளத்தோடவா!” என்றாள் அம்மா. சித்தியின் மடியில் தூங்கிய மகளையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு, “நல்லா இருங்க” என்று சொல்லிவிட்டு வெளியே வந்துவிட்டாள். சண்டை வராதது எனக்கு ஏமாற்றமாகக்கூட இருந்தது.

அடுத்த நாள் வெள்ளனே அம்மாவே தம்பியைக் கொண்டுபோய்ச் சித்தியின் கையில் கொடுத்தாள். கொடுத்தவள் திரும்பிப் பார்க்காமல் ஓட்டலுக்கு இறங்கிப் போனாள். சித்தியின் லீவு முடியும்வரை அப்படியே நடந்தது.

எனக்கோ கொண்டாட்டம். மறுபடி பள்ளிக்கூடம் போனேன். மதியம் சித்தி வீட்டில் சுடுசோறு. இவ்வளவு செய்கிற தங்கையிடம் அம்மா ஏன் முகம் கொடுத்துப் பேசுவதில்லை என்று அவள்மேல்தான் எனக்குக் கோபம்.

அந்த நாட்களில் வேலை முடிந்து வரும்போது அம்மாவின் சேலை மார்புப் பக்கம் நனைந்திருக்கும். மழையே இல்லாத நாளிலும் நனைந்திருக்கும். ஒருநாள் ஏன் என்று கேட்டேன்.

“துணிக்குத் தண்ணி தெளிக்கையில பட்டுருச்சு” என்றாள்.

இத்தனை வருசமாக இஸ்திரி போடுகிறவளுக்கு மேலே படாமல் தண்ணீர் தெளிக்கத் தெரியவில்லையே என்று நினைத்துக்கொண்டேன்.