மேஜரைத் திருத்தப் போய்

நாய்க்குட்டி வளர்க்க ஆசைப்படுகிறவர்களைப் பார்த்தால் எனக்கு இன்றைக்கும் எரிச்சல்தான் வருகிறது. கையில் ஏந்திக்கொண்டு என்ன அழகு, என்ன அழகு என்று கொஞ்சுகிறார்கள். அந்த அழகு நாளைக்கு வீட்டில் கரண்டி, செருப்பு, பாவாடை, துடைப்பம் என்று ஒன்றையும் விட்டுவைக்காது என்று யாரும் அவர்களிடம் சொல்வதில்லை. எனக்கும் யாரும் சொல்லவில்லை.

அல்சூரில் ஒரு பெரிய முற்றத்தைச் சுற்றிக் கட்டிய லைன் வீடுகளில் ஒன்று எங்களுடையது. எல்லா வீட்டுக்கும் சேர்த்து நடுவில் ஒரே குழாய். அப்பாவுக்குத் தொழிற்சாலையில் வேலை. சித்தப்பாவுக்குப் பட்டாளத்து மெஸ்ஸில் பரிமாறுகிற வேலை. வெள்ளைக்காரன் நாட்டை விட்டுப் போய்ச் சில வருஷங்கள் ஆகியிருந்தன; சித்தப்பாவின் நடையை விட்டு மட்டும் போகவில்லை. ரிச்சர்ட்ஸ் டவுனில் ஓர் ஆங்கிலோ இந்தியக் குடும்பம் வீட்டை விற்றுவிட்டு ஆஸ்திரேலியாவுக்குக் கப்பலேறியபோது, யாரும் எடுக்காமல் மிஞ்சிய குட்டியை அவர் கோட்டுப் பையில் போட்டுக்கொண்டு வந்தார்.

"ஒசந்த சாதி. பாதி அல்சேஷன்" என்றார்.

"மீதிப் பாதி இன்னா?" என்று அம்மா கேட்டாள். அவர் குட்டிக்கு மேஜர் என்று பெயர் வைத்து, நாலாம் வகுப்பு படித்துக்கொண்டிருந்த என் கையில் கொடுத்துவிட்டு மெஸ்ஸுக்குப் போய்விட்டார்.

ஏறக்குறைய அதே சமயத்தில்தான் அத்தையும் எங்கள் வீட்டுக்கு வந்தாள். அப்பாவுக்கு ஒரே தங்கை. தங்கவயலில் சுரங்க வேலை பார்த்த மாமா, ஒரு நாள் காலை ஷிப்டுக்குக் கீழே இறங்கியவர், உயிரோடு மேலே வரவில்லை. காரியமெல்லாம் முடிந்த பிறகு அப்பா போய் அத்தையை அழைத்துவந்தார். ஒரு டிரங்குப் பெட்டியும், மாமா குளிருக்குக் கழுத்தில் சுற்றிக்கொள்ளும் பழுப்பு நிறக் கம்பளி மஃப்ளரும் அவளுடைய உடைமை. மஃப்ளரைத் தலையணைக்கு அடியில் மடித்து வைத்திருப்பாள். அம்மா ஒரு தரம் அதைத் துவைக்க எடுத்தபோது, பேசாமல் வந்து கையிலிருந்து வாங்கிக்கொண்டு போய்விட்டாள்.

எதற்குமே பேச மாட்டாள். சொன்ன வேலையைச் செய்வாள், போட்ட சோற்றில் பாதியைத் தின்பாள், சுவரைப் பார்த்து உட்கார்ந்திருப்பாள். அழ மாட்டாள். இதனால் எனக்கு அவள்மேல் பெரிய மரியாதை. எங்கள் வீட்டில் அழுகிற பிள்ளைக்கு முதுகில் இன்னொன்று விழும். அழாத பிள்ளைதான் நல்ல பிள்ளை. அந்தக் கணக்குப்படி அத்தையைவிட நல்ல பிள்ளை அந்த முற்றத்திலேயே கிடையாது. ஆனால் குழாயடியில் பெண்களுக்கு அவளைப் பற்றித்தான் ஓயாத குசுகுசு.

"பொணத்தண்டகூட அழலியாமே?"

"அய்யோ பாப, எப்டியாவது அழ வைங்கம்மா. உள்ளயே நின்னுட்டா ஆள சாச்சிப்புடும்" என்பார் பக்கத்து வீட்டுக் கன்னடக்கார அம்மா.

சும்மா இருக்கிறவளை எதற்கு அழவைக்க வேண்டும் என்று எனக்குக் கோபமாக வரும். அக்கம்பக்கத்துப் பெண்களுக்கு வேறு வேலையில்லை என்று முடிவுகட்டிவிட்டு என் வேலையைப் பார்க்கப் போவேன். என் வேலை மேஜரைத் திருத்துவது.

அது பல் முளைத்த நாளிலிருந்தே திருடியது. பசிக்குத் திருடினால் புரிந்துகொள்ளலாம். கட்டைக் கரண்டியை எந்த நாய் தின்னும்? அப்பாவின் ஒற்றைக் காலுறை, மத்து, தலைக்கு வைக்கிற ரிப்பன், நெல்லிக்காய் ஊறப்போட்ட ஜாடியின் வேடுதுணி எல்லாம் குளியலறைக்குப் பின்னால் இருந்த விறகுக் கொட்டகைக்குப் போய்ச் சேரும். அம்மாவுக்குக் கரண்டி கிடைக்காதபோதெல்லாம் என் பெயரைத்தான் கூப்பிடுவாள்.

சித்தப்பாவிடம் முறையிட்டேன். இங்கிலீஷ்காரர் வீட்டு நாய்க்குத் தமிழில் சொன்னால் எப்படி ஏறும் என்றார் அவர். "ட்ராப் இட்" என்று கண்டிப்பாகச் சொல்ல வேண்டும், அது போட்டவுடன் ஒரு பிஸ்கட் கொடுக்க வேண்டும், துரைகள் எல்லாம் அப்படித்தான் பழக்குவார்கள் என்று சொல்லி மெஸ்ஸிலிருந்து ஒரு பொட்டலம் பிஸ்கட்டும் கொண்டுவந்து கொடுத்தார். நான் விரலை நீட்டி "ட்ராப் இட்" என்றேன். மேஜர் தலையைச் சாய்த்துக் கேட்டது, கரண்டியைப் போட்டது, பிஸ்கட்டைத் தின்றது. நான் ஜெயித்துவிட்டேன் என்று முற்றம் முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

அந்தச் சனியனுக்கு என்னைவிட மூளை அதிகம். ஒரு பொருளைக் கொண்டுவந்து போட்டால் ஒரு பிஸ்கட் என்று அது கண்டுபிடித்துவிட்டது. அதன் பிறகு கொட்டகைக்கு ஒளித்துக்கொண்டு போவதை விட்டுவிட்டு, நேராக என் முன்னால் வந்து உட்கார்ந்து, வாயில் அகப்பையோடு வாலை ஆட்டியது. எங்கள் வீட்டில் எடுக்க ஒன்றும் அகப்படாவிட்டால் அக்கம்பக்கத்து வீடுகளில் எடுத்தது. கடைசி வீட்டு அம்மாவின் புது ரவிக்கை எங்கள் வாசலில் கிடந்ததற்கு நடந்த சண்டையில் என் அம்மாவின் பிறந்த வீட்டு மானம் வரைக்கும் போனது. பிஸ்கட் தீர்ந்துபோய் நான் பேக்கரி ரொட்டியின் ஓரத்தைக் கொடுத்தேன். மேஜர் முகர்ந்து பார்த்துவிட்டு, ரவிக்கையை மறுபடி எடுத்துக்கொண்டு கிளம்பியது.

பிறகு வேப்பெண்ணெய். வாயை வைத்தால் கசக்கும், தானாக விட்டுவிடும் என்று மத்தின் பிடியில் தடவிவைத்தேன். அது வழிந்து கீழே இறங்கும் என்று எனக்கு எப்படித் தெரியும்? அன்றைக்கு மோர் குடித்த அத்தனை பேருக்கும் முகம் கோணியது. மேஜர் மட்டும் மத்தை நக்கி நக்கி மினுக்கிவிட்டது. அம்மா என்னை அடிக்கக் கரண்டியைத் தேடினாள். அது வழக்கம்போல் கொட்டகையில் இருந்தது.

கடைசியில் அப்பாவின் ஒற்றை பூட்ஸ் காணாமல் போனது. செருப்போடு போனவரை, அந்தக் காலோடு மிஷின் பக்கம் போகக் கூடாது என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். அப்பா சத்தம் போடுகிற ஆள் இல்லை. சட்டையைக் கழற்றிக்கொண்டே சொன்னார்:

"வர்ற ஞாயித்துக்கெழமெ யஷ்வந்த்பூர்லேந்து எங்கூட வேல செய்றவன் வருவான். அவனாண்ட நாயெ குடுத்துடப் போறேன். அதுக்குள்ள திருத்த முடிஞ்சா திருத்து."

அந்தத் தறுதலை நாயின் மேல் எனக்கு அவ்வளவு பிரியம் இருந்தது என்பது அப்போதுதான் எனக்கே தெரிந்தது. பள்ளிக்கூடம் விட்ட கையோடு ஓடிவந்து அதைக் கயிற்றில் கட்டி என் இடுப்பில் முடிந்துகொண்டேன். அது போகிற இடத்துக்கு நானும், நான் போகிற இடத்துக்கு அதுவும் போனோம். அந்த வாரம் ஒரு பொருளும் காணாமல் போகவில்லை. சனிக்கிழமையும் கழிந்துவிட்டால் தப்பித்தோம் என்று இருந்தேன்.

சனிக்கிழமை மத்தியானம் குழாயில் தண்ணீர் வந்தது. அம்மா குடத்தைத் தூக்கச் சொன்னாள். ஒரு நிமிஷம்தானே என்று இடுப்பு முடிச்சை அவிழ்த்தேன். நான் குடத்தோடு திரும்புவதற்குள் மேஜர் எங்கள் வாசலிலிருந்து பாய்ந்து வந்தது, வாயில் மாமாவின் மஃப்ளர்.

"ட்ராப் இட், ட்ராப் இட்" என்று கத்தினேன். அதற்குள் அத்தை வீட்டுக்குள்ளிருந்து ஓடிவந்தாள். அவள் ஓடி நான் பார்த்ததே இல்லை. மஃப்ளரின் ஒரு முனையைப் பிடித்து இழுத்தாள். மேஜருக்கு இது விளையாட்டு; முன்னங்கால்களை ஊன்றிக்கொண்டு எதிர்ப் பக்கம் இழுத்தது.

"வுட்றா! பாவி, வுட்றா! எனக்குன்னு இது ஒண்ணுதாண்டா கீது!"

அத்தைக்கு அவ்வளவு பெரிய குரல் இருப்பது முற்றத்தில் ஒருவருக்கும் தெரியாது. குழாயடியில் எல்லோரும் அப்படியே நின்றார்கள். கம்பளி நடுவில் பர்ரென்று கிழிந்தது. அத்தை பாதி மஃப்ளரோடு சேற்றில் பொத்தென்று உட்கார்ந்தாள். அதை முகத்தில் அழுத்திக்கொண்டு அழ ஆரம்பித்தாள்.

"என்னெ வுட்டுட்டுப் போயிட்டியே! சொல்லிக்காமெ போயிட்டியே!"

நாய் எங்கேயும் போகவில்லை. பயந்துபோய், வாயிலிருந்த மறுபாதியையும் போட்டுவிட்டு, அவள் காலடியில்தான் படுத்திருந்தது. அதை நான் அவளுக்குச் சொல்லவும் சொன்னேன். யாரும் காதில் வாங்கவில்லை. யாராவது அவளைச் சமாதானப்படுத்துவார்கள் என்று பார்த்தேன். அம்மா போய்ச் சேற்றிலேயே உட்கார்ந்து அவளைக் கட்டிக்கொண்டு தானும் ஓவென்று அழுதாள். ரவிக்கைக்குச் சண்டை போட்ட கடைசி வீட்டு அம்மாகூட அழுதாள். குடங்கள் நிரம்பி வழிந்து தண்ணீர் முற்றம் முழுக்க ஓடியது.

மேஜர் கதை முடிந்தது என்று எனக்குத் தெரிந்துவிட்டது. அதை இழுத்துக்கொண்டு விறகுக் கொட்டகைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன். சாயங்காலம் அப்பா வந்த சத்தம் கேட்டது. அம்மா தாழ்ந்த குரலில் ஏதோ சொல்வது கேட்டது. பிறகு கொட்டகைக் கதவு திறந்தது. அப்பா குனிந்து உள்ளே வந்து, மேஜரின் தலையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு வெகு நேரம் குந்தியிருந்தார். அவருக்குக் கண் சிவந்திருந்தது. ஒரு அடி விழவில்லை. ஞாயிற்றுக்கிழமை யஷ்வந்த்பூர்க்காரர் வந்தார், காபி குடித்தார், வெறுங்கையோடு போனார்.

எனக்குச் சந்தோஷம்தான், ஆனால் நியாயம் மட்டும் பிடிபடவில்லை. ஒற்றை பூட்ஸுக்கு நாடு கடத்துகிற தண்டனை. ஒரு மனுஷியை அவ்வளவு அழவைத்ததற்கு ஒன்றுமே இல்லையா? அதோடு அழுகையும் நிற்கவில்லை. அரிசி களைந்தால் அழுதாள், தலை வாரினால் அழுதாள். அழுதுவிட்டு இரண்டாம் தரம் சோறு கேட்டு வாங்கிச் சாப்பிட்டாள். தங்கமான அத்தையை இந்த நாய் கெடுத்துவிட்டதே என்று எனக்கு ஆற்றாமையாக இருந்தது. வீட்டில் ஒருவருக்கும் அக்கறை இல்லாததால் நானே ஒரு நாள் அவள் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன்.

"அத்தே, நாயெ கட்டிப் போட்டுட்டேன். இனிமே நீ அழவே வேணாம்" என்று ஆரம்பித்தேன்.

அம்மா பாய்ந்து வந்து என் வாயைப் பொத்தினாள். "சும்மா கெட. அவ அழட்டும்."

பெற்ற தாய்க்கு இவ்வளவு கல்நெஞ்சா என்று எனக்கு வந்த ஆத்திரத்தில், அந்தக் கையை நறுக்கென்று கடித்துவிட்டேன்.