பெருமாயியின் எழுபத்திரண்டு சதவீதம்

ஆட்டை அவிழ்ப்பதற்கு முன்னால் பெருமாயி கரித்துண்டை எடுத்துச் சமையல்கட்டுச் சுவரில் ஓர் எண்ணை எழுதிவிடுகிறாள். பக்கத்திலேயே மணி. மத்தியானம் குச்சிக்கிழங்குக் காட்டிலிருந்து வந்ததும் இன்னோர் எண், இன்னொரு மணி. புதிதாக வருகிறவர்கள் ஏதோ வேண்டுதல் என்றே நினைத்துக்கொள்வார்கள். அது அவளுடைய போன் பேட்டரியின் ஏற்ற இறக்கம்.

"காலையில தொண்ணூத்தாறு. இப்ப அறுவத்தொண்ணு. பாட்டுக் கேட்டேன், அதான் வெரசா எறங்கிருச்சு" என்று வாய்விட்டுப் படிப்பாள்.

"ஆட்டைக்கூட இப்படிப் பாக்க மாட்டியே புள்ள" என்பார் கணவர் சென்றாயன்.

"ஆடு பசிச்சாக் கத்துமுங்க. இது கத்துமா?"

கொல்லிமலையின் திருப்புலி நாட்டுப் பகுதியில் மிளகும் சாமையும் குச்சிக்கிழங்கு என்கிற மரவள்ளியும் போடுகிற குடும்பம். பெருமாயிக்கு வயது நாற்பத்து நான்கு, படிப்பு ஏழாவது. பேச்சு வேகம், நடை அதைவிட வேகம். எதையும் கையில் தூக்கிப் பார்த்து எடை சொல்லிவிடுவாள். மிளகு மூட்டை, பலாப்பழம், பக்கத்து வீட்டுக் கைக்குழந்தை, எதுவானாலும் சரி; அரைக் கிலோகூட முன்னே பின்னே இருக்காது. அப்பேர்ப்பட்டவளை ஒரு போன் ஏமாற்றிவிட்டது. அதைத்தான் அவளால் தாங்கிக்கொள்ள முடியவில்லை.

செம்மேட்டுக் கடைவீதியில் அருணாசலத்தின் போன் கடையில் வாங்கியது அது. யாரோ வைத்திருந்து விற்றது. ஆறு மாதம் ஒழுங்காக ஓடியது. மார்கழி பிறந்ததும் முரண்டு பிடிக்க ஆரம்பித்தது. முப்பது சதவீதம் காட்டும். பேசிக்கொண்டிருக்கும்போதே பொட்டென்று அணையும். பாவம், குளிர் தாங்கவில்லை போலிருக்கிறது என்று பெருமாயி இரக்கப்பட்டாள். குளிரும் பூச்சியும் அண்டக் கூடாத எதையும் அந்த மலையில் அடுப்புக்கு மேலே இருக்கும் பரணில்தான் வைப்பார்கள். சாமை விதையும் கேழ்வரகு விதையும் வருஷம் முழுக்க அங்கேதான் கதகதவென்று இருக்கும். அவள் போனையும் துணியில் சுற்றி, பொழுது சாய்ந்ததும் விதைப் பானைக்குப் பக்கத்தில் படுக்க வைத்தாள். தை முடிவதற்குள் அது நாற்பதிலேயே அணையத் தொடங்கியது.

கடைக்குக் கொண்டுபோய்க் கொடுத்ததும் அருணாசலம் மூக்கைச் சுளித்தார். "ஏனுங்க்கா, போன்ல பொகை வாசம் அடிக்குது?"

அவள் பெருமையாகவே விஷயத்தைச் சொன்னாள். அவர் தலையில் கை வைத்துக்கொண்டார்.

"அடக் கடவுளே! வெதைக்குச் சூடு நல்லதுங்க. பேட்டரிக்குச் சூடுதானுங்க எமன்."

பிறகு செட்டிங்ஸுக்குள் போய் ஓர் இடத்தைக் காட்டினார். பேட்டரி ஆரோக்கியம் எழுபத்திரண்டு சதவீதம் என்று போட்டிருந்தது.

"நேத்து நூறு காட்டுச்சேங்க?"

"அது வேற நூறுங்க்கா. புதுசுல இது பெரிய கொடம். பழசாக ஆகக் கொடம் சிறுத்துப்போச்சு, முக்காலுக்கும் கொறைவு. நூறுன்னா இந்தச் சின்னக் கொடம் ரொம்பியிருக்குதுன்னு அர்த்தம். போனுக்குள்ள உக்காந்து அளவு சொல்றவனுக்கு இது தெரியல. இன்னும் பழைய கொடத்தையே நெனச்சுட்டுச் சொல்றான். அதனால நாப்பது இருக்குதும்பான். உள்ள பாத்தா ஒண்ணுமிருக்காது."

இந்த மாடலுக்குப் பேட்டரி இப்போது வருவதில்லையாம், சேலத்தில் சொல்லி வைப்பாராம். அதுவரைக்கும் ஒரு வழி சொன்னார். "தானா அணையற வரைக்கும் ஓட்டுங்க. அப்பறம் நடுவுல புடுங்காம நூறு வரைக்கும் ஏத்துங்க. நூறு வந்தும் ஒரு மணி நேரம் அப்படியே உட்டுருங்க. அளவு சொல்றவனுக்குப் புத்தி வரும். அடிக்கடி பண்ணாதீங்க, அதுவும் கெடுதல்."

நடுவில் பிடுங்காமல் ஏற்றுவதாம், கொல்லிமலையில்! காற்று கொஞ்சம் சத்தமாக மூச்சு விட்டாலே கரண்ட் போய்விடும். இரண்டு தடவை எண்பதோடு நின்றது. கரண்டை வாய்க்கு வந்தபடி திட்டினாள். மூன்றாம் தடவை நூறைப் பிடித்துவிட்டாள்.

மறுநாள் களை வெட்டும்போதும் போன் இடுப்பில்தான். நாற்பது வந்தது, அணையவில்லை. முப்பது வந்தது, அணையவில்லை. இருபத்தொன்பது, இருபத்தெட்டு என்று சொன்ன பேச்சு கேட்கும் பிள்ளையாக ஒவ்வொன்றாக இறங்கியது. பன்னிரண்டைப் பார்த்ததும் அவளுக்கு இருப்புக் கொள்ளவில்லை. களைக்கொத்தைப் போட்டுவிட்டு மிளகுக் கொடிகளுக்கு நடுவே ஓடினாள்.

"ஏனுங்க! பொய் சொல்றத நிறுத்திருச்சுங்க!"

சென்றாயன் பதறிப்போய் ஏணியிலிருந்து இறங்கினார். விஷயம் தெரிந்ததும், "அப்ப பேட்டரி நல்லாயிருச்சா?" என்றார். 

"எங்க நல்லாகறது? கெழடு கெழடுதானுங்க. இருக்கறத இருக்குதுன்னு சொல்லுதில்ல? எனக்கு அது போதும்."

அன்று ஆரம்பித்ததுதான் சுவரில் எழுதுவது. நெட் போட்டால் ஒரு சதவீதத்துக்கு இரண்டு நிமிடம். பேசினால் நாலு நிமிடம். சிக்னல் இல்லாத பள்ளத்தில் வைத்தால் சும்மா கிடந்தே இளைக்கும். எல்லாம் அவளே கண்டுபிடித்தவை. கேட்காதவர்களுக்கும் சொல்வாள்.

ஆடியில் ஒரு நாள் அந்தச் சுவரைத்தான் குடும்பமே நம்ப வேண்டியிருந்தது. மகள் சுகுணா பன்னிரண்டாவது முடித்து நர்சிங்குக்கு விண்ணப்பித்திருந்தாள். மலைக்குக் கீழே சமவெளியிலிருந்து ஊர் ஆஸ்பத்திரிக்கு வேலைக்கு வந்திருக்கும் நர்ஸ் ஜெனிபர், தானே பக்கத்தில் உட்கார்ந்து எழுதிக்கொடுத்த விண்ணப்பம். கொடுத்திருந்தது பெருமாயியின் நம்பர். இடம் கிடைத்துவிட்டது, நாளை மாலை ஐந்து மணிக்குள் சம்மதம் தெரிவிக்க வேண்டும் என்று செய்தி வந்தது. தவறினால் இடம் அடுத்த பிள்ளைக்குப் போய்விடும். காலையில் செம்மேட்டுக்குப் போய் கம்ப்யூட்டரில் செய்துகொள்ளலாம் என்று இருந்தார்கள். விடிந்து பார்த்தால் ஒரு பெரிய மரம் கரண்ட் கம்பியையும் சாய்த்துக்கொண்டு ரோட்டை மறித்துக் கிடக்கிறது. பஸ் இல்லை, கரண்ட் இல்லை, டவரும் இல்லை. மத்தியானத்துக்குள் ஊரிலிருந்த போன்களெல்லாம் மண்டையைப் போட்டுவிட்டன. பெருமாயி தன்னுடையதை அணைத்து மடியில் வைத்திருந்தாள்.

நாலே கால் மணிக்குக் காட்டுக்கு மேலே உள்ள பாறையில் இரண்டு கோடு சிக்னல் எட்டிப் பார்த்தது. போனில் பதினாலு சதவீதம்.

"இருவத்தெட்டு நிமிசம் இருக்குது கண்ணு. பதறாம அடி."

பக்கம் திறப்பதற்கே மூன்று சதவீதம் தின்றது. ஓடிபி வர வேண்டும், வரவில்லை. மறுபடி கேட்டார்கள். ஒன்பது ஆயிற்று, எட்டு ஆயிற்று. சுகுணாவின் கண்ணில் தண்ணீர் கோத்துக்கொண்டது.

"பொட்டுனு போயிரும் புள்ள! அணைச்சுட்டு அப்பறமாப் போடு!" என்றார் சென்றாயன்.

"போகாதுங்க. எட்டுன்னா எட்டுதான்" என்று அதட்டினாள். அதட்டிவிட்டாளே தவிர அவள் கண் அந்த எண்ணைவிட்டு நகரவில்லை. இன்றைக்கென்று பார்த்து இது பழைய புத்தியைக் காட்டினால், பிள்ளையின் படிப்பு போய்விடுமே!

ஏழு. ஆறு. ஐந்தில் டொய்ங் என்றது. சுகுணா ஓடிபி எண்களை அடித்தாள். சக்கரம் சுற்றியது, சுற்றியது, சுற்றிக்கொண்டே இருந்தது. பச்சையாக ஒரு டிக் வந்து நின்றது.

"ஆயிருச்சும்மா! ஆயிருச்சு!"

சென்றாயன் துண்டை வானத்துக்கு எறிந்தார். அது மிளகுக் கொடியில் போய் மாட்டிக்கொண்டது. பெருமாயி மகளைக் கட்டிக்கொண்டு அழுதாள், சிரித்தாள், மூக்கைத் துடைத்துக்கொண்டாள். பிறகு முதல் வேலையாக ஜெனிபரின் நம்பரைப் போட்டாள். எதிர்ப்புறம் எடுத்துவிட்டார்கள்.

"மூணுதாம்மா இருக்குது, சீக்கிரம் சொல்லு!" என்று சுகுணா குதித்தாள்.

"விசயத்த மொதல்ல சொல்லு புள்ள!" என்று சென்றாயன் கத்தினார்.

பேச்சுக்கு மூன்று நாலு பன்னிரண்டு நிமிடம் என்று கணக்குப் போட்ட பெருமாயி, ஈரப் பாறையில் சேலையை ஒதுக்கிவிட்டுச் சம்மணம் போட்டு உட்கார்ந்தாள். முதுகைப் பின்னால் இருந்த மரத்தில் வாகாகச் சாய்த்து, போனை மறு காதுக்கு மாற்றிக்கொண்டாள்.

"ஏனுங்கம்மா, சாப்ட்டீங்களா?"